இன்டர்லொக் கல்லில் பூ மணக்காது



யூடியூப் பார்த்துவிட்டு டேலிலிக் கன்று தேடுகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் எல்லா டேலிலியும் மணப்பதில்லை. நன்றாக மணப்பவற்றில் ஒன்று சீனா, ஜப்பான் பக்கத்து எலுமிச்சை மஞ்சள் இனம். மாலையில் விரிந்து இரவு முழுக்க மணக்கும், மறுநாள் வாடிவிடும். குளிர்காலத்தில் இலை பட்டு, தூங்கி எழும்பும் செடி அது. நிந்தவூர் வெயிலில் அது எங்கே போய்த் தூங்குவது?

இரவு வாசம்தான் வேண்டுமென்றால் எங்களுக்கு நிலசம்பங்கி போதும். அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், ஆனால் வெயிலை விரும்பும். ஒருமுறை கிழங்கு வைத்தால் இரண்டு மூன்று வருடம் பூக்கும். அடுக்குப் பூவை விட ஒற்றைப் பூவுக்கே வாசம் அதிகம். அழகுக்காக அடுக்கை வாங்கி ஏமாற வேண்டாம்.

எங்கள் கடற்கரை மணல் அதற்கு ஒத்துவரும். ஆட்டெரு கலந்தால் போதும். மாரியில் தண்ணீர் தேங்கினால்தான் கிழங்கு அழுகும், அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஆனால் நடுவதற்கு மண் எங்கே இருக்கிறது? புது வீடென்றால் மதிலிலிருந்து படிக்கட்டு வரை இன்டர்லொக். காரணம் கேட்டால் "கூட்டுறது லேசு" என்பார்கள். பிறகு ஹோலில் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்து, அதற்கு ஸ்ப்ரே வேறு அடிக்கிறோம்!

பூவோடு முடிகிற விடயமில்லை இது. கடலோர மணலில் மழைத் தண்ணீர் கீழே இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகளின் நல்ல தண்ணீர் அதுதான். 2004 சுனாமியில் கிழக்குக் கரையெங்கும் உவராகிப் போன கிணறுகளைக் கழுவித் தந்ததும் மழைதான். வளவு முழுக்கக் கல்லைப் பதித்தால் அந்த மழை ரோட்டுக்கு ஓடி வடிகானில் விழுகிறது. கோடையில் கிணறு உவர்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கல்லே பதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாகனம் ஏறும் இடத்தில் பதியுங்கள். மதிலோரம் மூன்றடி மண்ணை மட்டும் விடுங்கள். ஒரு மல்லிகை, ஒரு மருதோன்றி, நடுவே நிலசம்பங்கி. மஃரிபுக்குப் பிறகு ஜன்னலைத் திறந்தால் வாசம் உள்ளே வரும். கிழங்கு பெருகியதும் பிரித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

மேசன் பாஸ் வேலை தொடங்குவதற்கு முதலே அந்த மூன்றடிக்குக் கயிறு கட்டிவிடுங்கள்.