இது என் முதுகா?

திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் அன்பர் ஒருவரின் இளைய மகன் நம் மதரஸாவில் ஓதுகிறான். மூத்தவன் பொறியியல் மாணவன். கரி மூட்டைகளை லாரியில் ஏற்றி ஏற்றியே அன்பரின் இடுப்பு பழுதாகிவிட்டது. சென்ற மாதம் சிவப்பும் நீலமுமாக வண்ணமிட்ட முதுகெலும்புப் படம் ஒன்றை என் முன்னே விரித்தார்.

"மூத்தவன் கம்ப்யூட்டரில் போட்டது ஹஜ்ரத். சிவப்பாக இருக்கும் இடத்தில் பாரம் அதிகமாம். இது என் முதுகா?"

கலைப்பட்டம் பெற்றவனுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்! ஆயினும் கேள்வி மனத்தை விட்டகலவில்லை. மகனையே அழைத்து விசாரித்தேன். சில நூல்களையும் புரட்டினேன்.

கீழ் முதுகில் 5 முள்ளெலும்புகள். அவற்றிடையே கூழ் போன்ற நடுவும் அதைச் சுற்றிய நார் வளையமும் கொண்ட வட்டுகள். ஸ்கேன் படத்திலிருந்து இவ்வடிவத்தை எடுத்து, கணிப்பொறி ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. எலும்புக்கு இவ்வளவு விறைப்பு, வட்டுக்கு இவ்வளவு என்று மனிதன் சொல்லிக் கொடுக்கிறான். பாரம் ஏற்றினால் எது எவ்வளவு நசுங்கும் என்று அது கணக்குச் சொல்கிறது. கணக்கில் பிழை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உடம்பு அக்கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டுமே!

இறந்தோர் தானமளித்த முதுகெலும்பை இயந்திரத்தில் பொருத்தி வளைத்து, எத்தனை பாகை வளைகிறது என அளந்து மாதிரியோடு ஒப்பிடுகிறார்கள். அதில் உயிருள்ள தசையின் இழுப்பு இல்லை. ஆகவே சுவீடனின் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ளோரின் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. அதில் அளவியை வட்டுக்குள் ஏற்றவர் 45 வயது ஆண் ஒருவரே. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அவர் படுத்திருக்கையில் சுமார் 1 கிலோ, நிற்கையில் 5. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 23; முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17; அதே எடையை மார்போடு அணைத்து நின்றபோது 11.

உலகின் பல மாதிரிகள் இந்த ஒருவரின் எண்களோடுதான் உரசிப் பார்க்கப்படுகின்றன. குடத்தை ஒற்றை இடுப்பில் ஏந்தி வரும் நம் வீட்டுப் பெண்ணுக்கும், அருப்புக்கோட்டைத் தறிக்குழியில் நாளெல்லாம் மிதிக்கும் நெசவாளருக்கும் அவை எவ்வளவு பொருந்தும்? உடலும் வேறு, உழைப்பும் வேறு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு மாதிரிகளுக்கு ஒரே பாரத்தைக் கொடுத்தபோது எட்டும் ஒரே விடை சொல்லவில்லை. எட்டின் நடுமதிப்பே அளவீடுகளுக்கு நெருங்கி நின்றது.

நம் மாநிலத்திலும் உயிருள்ள வட்டை ஆராய்ந்திருக்கிறார்கள். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் இராஜசேகரன், இரத்தத்தில் செலுத்திய மருந்து வட்டுக்குள் ஊறுவதை 24 மணி நேரம் எம்.ஆர்.ஐ. படங்களில் தொடர்ந்து கவனித்தார். இரத்தக் குழாய் இல்லாத வட்டுக்கு உணவு போய்ச்சேரும் வழியைக் காட்டிய அவ்வாய்வு 2004இல் பன்னாட்டுப் பரிசு பெற்றது. மாதிரி செய்வோர்க்கு இத்தகைய அளவீடுகள்தாம் உரைகல்.

மூத்தவனிடம், "இது யாருடைய வடிவம்?" என்றேன். கல்லூரியில் கொடுத்த, யாரோ ஓர் இளைஞனின் ஸ்கேனாம்.

அன்பர் சிரித்துவிட்டார். "அப்படியானால் அந்தத் தம்பியையே மூட்டை தூக்க வரச் சொல்லுடா!"

சிரிப்பினூடே இடது கால் மரத்துப்போவதையும் சொன்னார். அதைக் கேட்டபின் தாமதிக்கவில்லை. மறுநாளே மகனைத் துணைக்கு அனுப்பி மருத்துவரிடம் சேர்ப்பித்தோம். படம் என் மேசையில்தான் கிடக்கிறது.