பாதியில் கார் மாறிய பந்தயம்



ஓய்வூதியப் பணத்தில் மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறேன் என்றதும், "சார்ஜ் தீர்ந்து வழியில நின்னுடும்பா" என்று வீட்டில் தடுக்கிறார்கள். பயம் நியாயமானதே.

2014-இல் ஃபார்முலா இ மின்சாரக் கார் பந்தயம் தொடங்கியபோது, நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் உட்பட எல்லோருக்கும் பாதியில் சார்ஜ் போதாது. இன்னொரு காரில் ஏறித்தான் முடித்தார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய பருவத்திலிருந்து ஒரே கார் போதும் என்றாயிற்று. 2023-இல் ஐதராபாத்தில் ஓடிய கார்கள், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலையும் மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பின.

அங்கேயும் வேகம் மட்டும் போதாது; சார்ஜைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும்.

ஆகவே, வேகம் எவ்வளவு என்று கேட்டு வண்டி வாங்காதீர்கள். சீயமங்கலத்திலிருந்து செஞ்சி போய்த் திரும்பச் சார்ஜ் தாங்குமா? அதுதான் கேள்வி. தாங்கினால் வாங்குவேன்!