தள்ளுபடிக்காகக் காத்திருந்தால் வட்டிதான் வளரும்

“அவசரப்பட்டுக் கட்டாதே, தேர்தல் வந்தா தள்ளுபடி பண்ணிடுவாங்க.” புதுச்சேரியில் கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளைகளுக்கு உறவினர்கள் அக்கறையோடு சொல்லும் இந்த அறிவுரைதான் பல குடும்பங்களைக் கெடுக்கிறது.

கூட்டுறவுச் சங்கக் கடனைப் போல, பொதுத்துறை வங்கிக் கடனை ஒரு மாநில அரசு ஆணை போட்டு ரத்து செய்துவிட முடியாது. கஜானாவிலிருந்து எடுத்து வங்கிக்குக் கட்ட வேண்டும். மத்திய அரசின் நிதியை எதிர்பார்த்து பட்ஜெட் போடும் யூனியன் பிரதேசம் அதற்கு எங்கே போகும்? 2014 இடைக்கால பட்ஜெட்டில் அன்றைய மத்திய நிதியமைச்சர் ப.சிதம்பரம் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 9 லட்சம் பேருக்குச் சலுகை அறிவித்தார். அதுவும் 2009 மார்ச் இறுதி வரை வாங்கிய கடன்களின் வட்டிக்குத்தான். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 2021இல் தமிழகத்தில் தி.மு.க. தேர்தல் அறிக்கை 30 வயதுக்கு உட்பட்டவர்களின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னது. அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு வட்டிதான் ஏறியது.

தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பிள்ளையோடு சேர்ந்து கையெழுத்திட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் விழும். வீட்டுக் கடன் கேட்டால் கதவு சாத்தப்படும். வங்கி வேலைக்குத் தேர்வெழுதி ஜெயித்தவரிடமும், பணியில் சேரும்போது பழைய கடன் விவரம் கேட்கிறார்கள். தள்ளுபடியே வந்தாலும், நகையை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டி முடித்த அம்மாவுக்கு அதனால் என்ன கிடைக்கும்? கடனே கிடைக்காமல் படிப்பை விட்ட பெண்ணுக்கு என்ன கிடைக்கும்?

அதற்காக, கட்டாதவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று வங்கிகள் பேசுவதையும் ஏற்க முடியாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசமும் கழியும்போது அது சுமார் 5.4 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 7,100 ரூபாய் வேண்டும். முதல் வேலையில் 15,000 ரூபாய் வாங்குபவர் சென்னையில் வாடகை கொடுத்துவிட்டு இதை எப்படிக் கட்டுவார்? ஆண்டு வருமானம் 4.5 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசு 2009 முதல் வட்டி மானியம் தருகிறது. அந்த மானியமோ தவணை தொடங்கும் நாளில், உதவி மிகவும் தேவைப்படும் அந்த நாளில், நின்றுவிடுகிறது.

ஆகவே கேட்க வேண்டியது தள்ளுபடி அல்ல, சம்பளத்துக்கு ஏற்ற தவணை. ஆஸ்திரேலியா 1989இலேயே இதைச் செய்தது. அங்கே வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கடன் பிடித்தம்; வேலை போனால் பிடித்தமும் நிற்கும். இந்தியாவில் பி.எஃப். கணக்கில் பல லட்சம் இளைஞர்களின் சம்பளம் மாதந்தோறும் பதிவாகிறது. அதை வைத்துத் தவணையை நிர்ணயிக்க ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் மனது வைத்தால் போதும். சென்டாக் என்ற அரசு மாணவர் சேர்க்கைக் குழு மூலம் தனியார் கல்லூரிகளில் சேர்பவர்களுக்குக் காமராஜர் பெயரில் கல்விக் கட்டண உதவி தரும் புதுச்சேரி அரசு, வேலைக்குப் போன முதல் மூன்று ஆண்டு வட்டியையும் ஏற்கலாம். முழுத் தள்ளுபடியோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறியது, ஆண்டுதோறும் தரக்கூடியது.

பிள்ளைகளே, காத்திருக்காதீர்கள். கட்ட முடியாத நிலை வந்தால் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கோரி எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாக்குக் கேட்டு வருபவர் தள்ளுபடி என்று சொன்னால், எந்தப் பணத்தில் என்று கேளுங்கள். சம்பளத்துக்கேற்ற தவணைக்குச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவேன் என்று உறுதி தருபவருக்கே வாக்களியுங்கள்.