ஈரலுக்கே போகும் மருந்து

செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உச்சிக்கு ஒரே வழி. நடுவே பெரும் பிளவு. அதன்மேல் ஒரு பாலம்.

ஈரலில் பரவிய புற்றுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்து வருகிறது. புற்றுக் கட்டியோ பெரும்பாலும் ஈரல் தமனி என்ற வேறொரு குழாயின் ரத்தத்தைக் குடித்து வளர்கிறது. அதனால் டாக்டர்கள் தொடை வழியாக மெல்லிய குழாயை அந்தத் தமனிக்குள் செலுத்தி, அங்கேயே மருந்தை விடுகிறார்கள். கட்டிக்கு மருந்து அதிகம். மற்ற உடம்புக்குக் குறைவு.

இது எல்லோருக்கும் ஏற்காது. பலருக்கு நோய் அடங்குமே தவிர அடியோடு போகாது. அதற்காக, "ஈரலுக்குப் போய்விட்டது" என்றதுமே நோயாளியை வீட்டுக்கு அழைத்துவந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதா? பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மையம் இருக்கிறது. "குழாய் வழி மருந்து இவருக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டாவது வரலாமே!