கைதட்டு யாருக்கு?

‘மனோவசியம்’ என்ற சொல்லே பொருத்தமற்ற சொல் என்பது என் கருத்து. வசியம் என்றவுடன், கறுப்புக் கோட்டு அணிந்து மேடையில் நிற்பவரிடம் ஏதோ ஒரு சக்தி இருப்பதாகவும், நாற்காலியில் அமர்ந்திருப்பவன் அதற்கு இரையாகிவிட்டதாகவும் நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் பொய்யென்று மெய்ப்பிக்கப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதை நண்பர்கள் எத்தனை பேர் அறிவீர்கள்?

பாரிஸ் நகரில் மெஸ்மர் என்னும் வைத்தியர், காந்தப் பாய்மம் ஒன்றைச் செலுத்தி நோய் தீர்ப்பதாகச் சொன்னார். 1784-இல் மன்னர் அமைத்த விசாரணைக் குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும், நம் வேதியியல் வகுப்பில் அடிக்கடி பெயர் அடிபடும் லவாய்சியரும் இருந்தனர். பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் ‘காந்தம்’ ஏற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, வேறு மரங்களை ஒவ்வொன்றாகத் தழுவச் செய்தனர். நான்காவது மரத்தில் அவன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ 24 அடி தள்ளி நின்றது! பாய்மம் இல்லை, எல்லாம் கற்பனையே என்று குழு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் வெறும் எதிர்பார்ப்பே ஒரு சிறுவனைக் கீழே தள்ளும் என்றால், அதுவல்லவா பெரிய அதிசயம்?

அந்த அதிசயம் நம் நாட்டில் அறுவை மேசைக்கே வந்தது. வங்காளத்து ஹூக்ளியில் கும்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845-இல் ஒரு சிறைக்கைதியைத் துயிலில் ஆழ்த்தி அறுவை செய்தார். ஈதரும் குளோரோபாரமும் இன்னும் வராத காலம் அது. பின்னர் பெரும் கட்டிகளையெல்லாம் இம்முறையிலேயே அகற்றினார். 1846-இல் கல்கத்தாவில் அவருக்கென்று ஒரு சிறு மருத்துவமனையும் கிடைத்தது. இருட்டறையில் மணிக்கணக்காக நோயாளியின் உடல்மீது கைவீசித் துயிலச் செய்தவர்கள் பெரும்பாலும் அவருடைய வங்காளி உதவியாளர்கள்தாம். புகழ் துரைக்குப் போயிற்று. நோயாளிகளுக்குக் கிடைத்ததோ, நடிக்கிறார்கள் என்ற பழிச்சொல்! கத்தி பட்டும் அசையாமல் கிடந்தவனை நடிகன் என்பதா? அதுவும் இருக்கட்டும், சிறைக்கைதியால் அந்தத் துரையிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க முடியுமா?

எனக்கு உறுத்துவது இந்தக் கேள்விதான். சென்ற ஆண்டு ஒரு விழா மேடையில், கிராமத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவன் ஒருவனைக் கோழிபோல் கூவ வைத்தார் ஒரு வித்தைக்காரர். அரங்கமே அதிர்ந்தது. அன்று முதல் அவன் பெயர் ‘கோழி’. அவன் உண்மையில் மயங்கினானா, ஆயிரம் பேர் முன்னே மறுக்கத் துணிவின்றிக் கூவினானா, யாரும் கேட்கவில்லை. என்னைப் போலவும் அவனைப் போலவும், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு, மேடையில் ஒலிபெருக்கி பிடித்தவர் சொன்னால் ‘மாட்டேன்’ என்று சொல்ல நா எழுவதில்லை. வித்தைக்காரர்கள் இந்த முகங்களைக் கூட்டத்தில் நன்றாகவே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

1894-இல் வெளிவந்த ‘டிரில்பி’ என்ற ஆங்கில நாவலின் ஸ்வெங்காலி முதல் நம் திரைப்பட வில்லன்கள் வரை, கதைகள் எல்லாம் மயக்குபவனையே பெரிதாக்கின. சட்டம் சற்று விவேகமாக நடந்தது. 1952-இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், 21 வயது நிரம்பாதவரைப் பொது மேடையில் துயிலச் செய்யக் கூடாதென்றது. பிறகுதான் வயது 18 ஆயிற்று. (பழைய சட்டப்படி இருபது வயதான நானும் தப்பியிருப்பேன்!) மருத்துவ உலகமும் இதை ஒதுக்கிவிடவில்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955-இல் இதைச் சிகிச்சை முறையாக ஏற்றது. வலியைத் தணிக்கவும், சிலவகைக் குடல் உபாதைகளுக்கும் இன்றும் பயன்படுகிறது. அங்கே நோயாளி விரும்பிக் கேட்டு, என்ன நடக்கப் போகிறதென்று தெரிந்தே கண்ணை மூடுகிறார்.

இவ்வாண்டுப் பேரவை விழாவுக்கும் ஒரு வித்தைக்காரரை அழைக்கும் பேச்சு அடிபடுகிறது. வரட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் விரல் நீட்டி யாரையும் மேடைக்கு இழுக்கக் கூடாது. தானாகக் கை தூக்கியவர்கள் மட்டும் ஏறட்டும். அதற்கு முந்திய நாள், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து ஒரு மனநல மருத்துவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். முன் வரிசையில் அமர நான் தயார். ‘கோழி’யையும் அழைத்து வருகிறேன், அவன் சம்மதித்தால்.