ஒலுவிலின் ஆய்வுகளும் ஒலுவிலின் கரையும்

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வரங்குத் தொகுதிகளைப் புரட்டிப் பார்ப்பவர் முதலில் சற்றுத் திகைத்துத்தான் போவார். ஒலுவில் கடலரிப்பு, மருதமுனைக் கைத்தறி, யானை - மனித மோதல், இஸ்லாமிய வங்கிமுறை, காதி நீதிமன்றங்கள், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்கள் என, ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் தலைப்புகள் வந்துகொண்டே இருக்கும். "இந்த ஊர்களுக்கு வேண்டியது நெல்லும் மீனும். மற்றதெல்லாம் பட்டம் வாங்குவதற்கான எழுத்து" என்று கூறுவோரைக் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் நாம் அடிக்கடி சந்திக்கின்றோம். கிராமிய அபிவிருத்திப் பணியில் ஈடுபட்டுள்ளோரிடையேயும் இக்கருத்து உண்டு. இதனை நாம் ஏற்பதற்கில்லை. பல்கலைக்கழகத்திடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறொன்று.

இந்நிறுவனம் தோன்றிய விதத்தை இளைய வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1990 இல் மூண்ட வன்செயல்களை அடுத்து, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று கற்பது முஸ்லிம் மாணவர்களுக்கு இயலாததாயிற்று. அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995 இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. இன்று ஆறு பீடங்கள் உள்ளன. மூவின மாணவரும் கற்கின்றனர். இக்கரை மக்களின் இடர்ப்பாட்டிலிருந்து பிறந்த நிறுவனமாகையால், அவர்களுக்கு அதன் மீது உரிமையும் சற்று அதிகம் என்பது எமது எண்ணம்.

பயனற்றது என்று நாம் கருதும் ஆய்வு எப்போது பயன்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970 ஆம் ஆண்டையொட்டி அக்கரைப்பற்றில் தங்கி, இப்பகுதித் தமிழரதும் முஸ்லிம்களதும் குடிமுறை பற்றியும் தாய்வழி உறவு பற்றியும் ஆராய்ந்தார். அவரது பெருநூல் 2008 இல் வெளிவந்தது. ஒரு வெள்ளைக்காரர் வந்து "நீ என்ன குடி?" என்று வீடு வீடாகக் கேட்பதால் யாருக்கு என்ன இலாபம் என்று அன்று சிலர் சிரித்திருக்கவும் கூடும். ஆனால் 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டமாக அம்பாறை ஆனபோது, அந்த அறிவின் தேவை தெரிந்தது. இக்கரையில் வீடு பெண்ணுக்குரியது. பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பர். மருமகன் அவ்வீட்டுக்கு வருவார். நிவாரணப் படிவங்களிலோ "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் கணவனின் பெயரே எழுதப்பட்டது. இதனால் பல இடங்களில், தாயிடமிருந்து வந்த வளவை இழந்த பெண், புது வீட்டில் தன் பெயர் இல்லாதவளானாள். வீடு கட்டிய பொறியியலாளரிடம் சீமெந்துக் கணக்குச் சரியாகவே இருந்தது. குடிவழக்கம் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்தில் இருக்கவில்லை.

ஆகவே ஆய்வுகள் பலவாக இருப்பது குறையன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே நடந்து, தனித்தனியே அச்சாகி, அத்தோடு முடிந்துவிடுவதே குறை.

இதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திற்கு அண்மையிலேயே ஒலுவில் துறைமுகம் கிடக்கிறது. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008 இல் வேலை ஆரம்பிக்கப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. இக்கரையில் மணல், ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கின்றது. அந்த ஓட்டத்தின் குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் எழுந்ததும் மணல் தென்புறத்தில் தேங்கியது. துறைமுக வாயிலையும் அடைத்தது. மணல் வராத வடபுறத்தைக் கடல் அரித்தது. தென்னைகள் சரிந்தன. நிந்தவூர் வரை மக்கள் கலங்கினர். படகுக்காரருக்கு வாயில் இல்லை, தோட்டக்காரருக்குத் தோட்டம் இல்லை என்ற நிலை உண்டாயிற்று.

இங்கே எந்தத் துறை தனித்து விடை சொல்லும்? கரையில் கல்லைக் குவித்தால் வீடு தப்பலாம். ஆனால் அவ்விடத்தில் கரைவலை இழுக்க முடியாது. கல் முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்புத் தொடங்கும். அது இன்னொரு ஊராரின் காணி. அங்கே பாடு யாருடையது, உறுதி யார் பெயரில், வலை இழுக்கும் கூலியாட்கள் எத்தனை பேர் என்பன புவியியலாளருக்கோ பொறியியலாளருக்கோ மாத்திரம் உரிய கேள்விகளல்ல. பொருளியல், சட்டம், சமூகவியல் ஆகிய மூன்றும் அங்கே வேண்டும். மீனவருக்கு இவை ஒரே கேள்விதான். பீடங்களாகப் பிரித்துக் கேட்க அவருக்குத் தெரியாது.

கிராமத்துக்கு வரும் நிபுணர்கள் எவற்றைக் காணாமல் போகின்றனர் என்பதை ரொபேர்ட் சேம்பர்ஸ் 1983 இல் எழுதிய கிராமிய அபிவிருத்தி நூலில் விளக்கியுள்ளார். தார் வீதியோரத்தை மட்டும் பார்ப்பது, தமது துறைக்குரியதை மட்டும் பார்ப்பது, நல்ல காலநிலையில் மட்டும் வருவது என்பன அவற்றுட் சில. எமது கரைக்கு மூன்றாவது மிகவும் பொருந்தும். கச்சான் வீசும் ஆவணியில் அமைதியான கடலைப் பார்த்து வினாக்கொத்து நிரப்புவது சுலபம். கரை உடைவதோ வாடைக்காற்றடிக்கும் மார்கழியில்.

"படிச்ச தம்பிமாரு வாறாங்க, கடதாசி நிரப்புறாங்க, போறாங்க. என்னெண்டு முடிஞ்சதெண்டு ஒருத்தரும் வந்து செல்லல்ல, பாதர்" என்று கரைவலைக்காரர் ஒருவர் எம்மிடம் சொன்னார். எந்த நிறுவனம் என்று அவருக்கும் நினைவில்லை. எத்தனையோ நிறுவனங்கள்.

சேர்ந்து ஆராய முடியாதென்பதும் சரியன்று. இதே மாவட்டத்தில், கல்லோயா இடதுகரையில், 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அதனைச் செய்து காட்டின. வாய்க்கால் புனரமைப்பு பொறியியலாளரின் பொறுப்பாக இருக்க, பட்டதாரி இளைஞர்கள் அமைப்பாளர்களாக விவசாயிகளிடையே சென்று தங்கினர். தலைவாய்க்கால் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் நீரை மிச்சம்பிடித்துக் கடைக்கோடித் தமிழ் விவசாயிகளுக்கு விட்ட நிகழ்வுகளை, நோர்மன் அப்ஹொவ் 1992 இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ளார். 1983 ஐ உள்ளடக்கிய ஆண்டுகளில் இது நடந்தது என்பதை நினைக்க வியப்பாகவே இருக்கிறது. இந்நூல் தமிழில் எமது வட்டவிதானைமார் கையில் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்று!

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தமிழில் எழுதுவோர் உள்ளனர். நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் கட்டுரைகளை எவரும் இலவசமாக வாசிக்கலாம். எனினும் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். விரிவுரையாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்த கட்டுரை பதவியுயர்வுக்கு உதவும். கடற்றொழிலாளர் சங்கத்தில் வாசித்த இரண்டு பக்கம் உதவாது. இதனை மானியங்கள் ஆணைக்குழுவே மாற்ற வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கரையோரம் பற்றி ஏலவே செய்யப்பட்ட ஆய்வுகளை எழுதியவர்கள், எப்பீடத்தவராயினும், வாடை தொடங்குமுன் ஐப்பசியில் ஒரு நாள் ஒலுவிலில் கூடலாம். கட்டுரைக்கு இரண்டு பக்கம், தமிழில். சங்கங்களுக்கு அறிவித்துக் கரைவலைக்காரர், படகுக்காரர், தோட்டக்காரர், வீட்டுக்காரப் பெண்கள் ஆகியோரை அழைத்து வரும் பொறுப்பை எம்போன்ற கிராமியப் பணியாளர் ஏற்கலாம். இடம் கலைப்பீட மண்டபமாக வேண்டாம். மீன் வாடியொன்றே போதும். நேரத்தை மீனவர் சொல்லட்டும்.