ஊட்டி ரெயிலின் மலை என்ஜின்: செய்த கம்பெனி போய்விட்டது, இனி யார் கையில்?

ஊட்டி மலை ரெயிலில் போகாதவர்கள் கூட அதைப் பற்றிக் கேள்விப்பட்டு இருப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை அந்த ரெயிலை மலை ஏற்றுவது நீராவி என்ஜின். அதற்கு "எக்ஸ்" வகை என்று பெயர்.

முதல் எக்ஸ் என்ஜின் 1914-ம் ஆண்டு செய்யப்பட்டது. அதைச் செய்த சுவிட்சர்லாந்து கம்பெனி இன்று இல்லை. அப்படியானால் என்ஜினில் ஒரு பல் உடைந்தால் யாரிடம் போய் வாங்குவது? மலை ரெயிலின் வருங்காலம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வழுக்கும் பாதை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையே உள்ள தூரம் 46 கிலோ மீட்டர்தான்.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ஏற்றம் கடுமை. சில இடங்களில் 12 அடி போனால் 1 அடி உயர வேண்டும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஆப்ட் என்ற சுவிஸ் என்ஜினீயர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் பதிக்கப்பட்டன. என்ஜினின் அடியில் பல் சக்கரங்கள் வைக்கப்பட்டன. பல்லும் பல்லும் கவ்விக்கொள்ளும். நாம் ஏணிப் படியில் கால் வைத்து ஏறுவது போல, என்ஜின் ஒவ்வொரு பல்லாகப் பிடித்து ஏறும்.

தள்ளும் என்ஜின்

சோறு கொதிக்கும்போது பானை மூடியை ஆவி தூக்குகிறது அல்லவா? அந்த ஆவியின் பலம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

எக்ஸ் என்ஜினில் நான்கு நீராவி உருளைகள் உண்டு. சம பாதையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். மலைப் பாதை வந்ததும், அவற்றில் இருந்து வெளியேறும் ஆவி வீணாகாமல் மற்ற இரண்டுக்கும் போகும். அவை பல் சக்கரங்களைச் சுழற்றும். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை!

இந்த என்ஜின் மலை ஏறும்போது பெட்டிகளை முன்னால் நின்று இழுப்பது இல்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டி பின்னோக்கி உருண்டால் தாங்கிக்கொள்ள இந்த ஏற்பாடு. பெட்டிகளிலும் பிரேக் பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். என்ஜினின் ஊதல் சத்தமே அவர்களுக்கு உத்தரவு.

கடல் கடந்து வந்த 17

1899-ல் குன்னூர் வரை ரெயில் ஓடியது. 1908-ல் ஊட்டி வரை நீண்டது. முதலில் இங்கிலாந்து என்ஜின்கள் ஓடின. பிறகு, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எக்ஸ் என்ஜின்கள் செய்யப்பட்டன. 1914 முதல் 1925 வரை 12 வந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1952-ல் மேலும் 5 வந்தன.

காலம் ஓடியது. என்ஜின்கள் தேய்ந்தன. புதிதாக வாங்கக் கடை இல்லை.

பொன்மலையின் சாதனை

அப்போது கை கொடுத்தது திருச்சி பொன்மலை ரெயில்வே தொழிற்சாலை. 2011-ல் அங்கேயே ஒரு புதிய எக்ஸ் என்ஜினைச் செய்து முடித்தார்கள். அது எண்ணெயில் ஓடுவது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் எக்ஸ் என்ஜினையும் செய்தார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த என்ஜினுக்குத் திருச்சியில் தம்பிகள் பிறந்தார்கள்.

"இவ்வளவு சிரமம் எதற்கு? டீசல் என்ஜின் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். குன்னூரில் இருந்து ஊட்டிக்கு டீசல் என்ஜின்தான் போகிறது. ஆனால் கல்லாறு ஏற்றத்தில் சாதாரண டீசல் என்ஜின் ஏறாது. அதற்குப் பல் சக்கரம் கிடையாது. வெளிநாட்டில் இருந்து புது வகை என்ஜினை வாங்கலாம். அது கெட்டுப்போனால் மறுபடியும் வெளிநாட்டையே பார்த்து நிற்க வேண்டும். எக்ஸ் என்ஜினைச் செய்யும் வித்தையோ இப்போது நம் கையில் இருக்கிறது.

வித்தை தொடர வேண்டும்

2005-ல் யுனெஸ்கோ இந்த மலை ரெயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அது நமக்குப் பெருமை. ஆனால் பட்டயம் என்ஜினை ஓட்டாது. கொதிகலனைத் தட்டிப் பார்த்துக் குறை சொல்லும் காது வேண்டும். பல்லின் தேய்மானத்தைத் தடவிச் சொல்லும் விரல் வேண்டும். இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துக் கற்க முடியாது. மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று பழக வேண்டும்.

அனுபவம் உள்ளவர் ஓய்வு பெறும் முன்பே, அவர் பக்கத்தில் ஓர் இளைஞரை நிறுத்த வேண்டும். உடைந்த இரும்பைப் பொன்மலையில் வார்த்துவிடலாம். மறந்துபோன வித்தையை எந்த உலையில் வார்ப்பது?